யார் முதலில் சாப்பிடுவது

புற்றுநோய் வார்டுக்குப் புதிதாக வந்திருக்கும் நர்ஸுகளான உங்களிடம் சேவை, தியாகம் பற்றியெல்லாம் நான் பேச வேண்டும் என்று உங்கள் கண்காணிப்பாளர் ஆசைப்பட்டார். அவருக்கு நல்ல மனசு. ஆனால் அந்த இரண்டு சொற்களையும் கேட்டாலே எனக்குக் கொட்டாவி வந்துவிடும். நான் தியாகம் எதுவும் செய்யவில்லை. சம்பளம் வாங்கினேன், மேட்ரனிடம் திட்டு வாங்கினேன், கால்வலி வாங்கினேன். ஆகவே அதையெல்லாம் விட்டுவிட்டுச் சோற்றைப் பற்றிப் பேசுகிறேன். சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடித்த ஒரு பெண்ணைப் பற்றி. அவள் நோயாளிகூட இல்லை. நோயாளியின் பெண்டாட்டி.

ஐம்பதுகளில் ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவில், சாலையோரத்தில், ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் எனக்கு முதல் நர்ஸ் வேலை. சொந்த ஊர் மத்தூர் என்பதால் இந்தச் சீமையின் பேச்சும் சாப்பாடும் எனக்குப் பழக்கம். மேட்ரன் திருநெல்வேலிப் பக்கம். கேழ்வரகுக் களியை அவர் கடைசிவரை சந்தேகத்தோடுதான் பார்த்தார். டாக்டர் மெட்ராஸ்காரர், கெட்டிக்காரர், ஆனால் எதையும் படம் போட்டு விளக்கிவிட்டால் தீர்ந்தது என்று நினைப்பவர். புற்றுநோய்க்கு நாங்கள் வைத்தியம் பார்க்கவில்லை. அதற்குப் பெங்களூர் போக வேண்டும். அங்கே அறுத்து, ரேடியம் வைத்து, தேறுகிறவரைக்கும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எங்களிடம் அனுப்புவார்கள்.

அப்படி வந்தவர் மாதப்பன். மலைமேல் நாட்றாம்பாளையத்துக் குடியானவர். பல வருஷமாகப் புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டே தூங்கிய மனிதர். அந்தக் கன்னத்திலேயே புற்று வைத்துவிட்டது. பெங்களூரில் கன்னத்தை அறுத்துவிட்டு, வாய் ஆறும்வரை ஒரு பருக்கைகூட உள்ளே போகக் கூடாது என்று வயிற்றில் துளைபோட்டு ஒரு ரப்பர் குழாயை வைத்து அனுப்பியிருந்தார்கள். குழாயின் வாயில் புனலைச் சொருகி, கஞ்சியையும் பாலையும் மெல்ல ஊற்ற வேண்டும். அதுதான் அவருக்குச் சாப்பாடு. முகத்தைச் சுற்றிப் பெரிய கட்டு. பேச முடியாது. ஊரில் பஞ்சாயத்து என்றால் முதல் வார்த்தையும் கடைசி வார்த்தையும் அவருடையதுதானாம். இப்போது கண்ணும் கையும்தான் பேசின. அந்தக் கண்ணாலேயே அவர் யாரை எப்படித் திட்டுகிறார் என்று எங்களுக்கு நன்றாகப் புரியும்.

கூட வந்தவள் அவர் மனைவி கெம்பம்மா. ஒல்லியான உடம்பு, இரும்பு மாதிரி கை. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் நோயாளிகளின் வீட்டார் கல்லடுப்பு கூட்டிச் சமைத்துக்கொள்வார்கள். வந்த அன்றைக்கே அவளும் ஓர் அடுப்பைக் கூட்டிவிட்டாள். தினமும் களி கிண்டினாள், அவரைக்காய்க் குழம்பு வைத்தாள். வாசனை வார்டுவரைக்கும் வரும். பார்க்க எங்களுக்கே நிம்மதியாக இருந்தது. அந்தக் களியை அவள் பக்கத்து அடுப்புக்காரிகளுக்கெல்லாம் எடுத்துக் கொடுத்துவிடுகிறாள் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியாது.

ஒரு நாள் காலை, கிணற்றடியில் குடத்தோடு மயங்கி விழுந்தாள். தூக்கிக்கொண்டுவந்து படுக்கவைத்து, சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தால் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். சேலையெல்லாம் நனைந்து, கண் உள்ளே போய்க் கிடந்தவள், அந்த நிலையிலும் என் கையைத் தட்டிவிட்டாள்.

"எத்தினி நாளா சாப்படல?" என்றேன்.

"இங்க வந்ததிலேர்ந்து நீச்சத்தண்ணி குடிக்கிறேன், நர்சம்மா. அது போதும்."

"ஏன்?"

என்னை ஏதோ அறிவு கெட்டவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "அவரு சாப்படாம நான் எப்டி சாப்படறது? கல்யாணம் ஆனதிலேர்ந்து அவரு சாப்ட்ட எலையிலதான் எனக்குச் சோறு."

"அவருக்குத்தான் வேளாவேளைக்கு ஊத்தறமே, கெம்பம்மா!"

"அத்தத்தான் நானும் சொல்றேன். நீங்க ஊத்தறீங்க. அவரு சாப்படல."

நோயாளிக்குக் குழாயில் ஊற்றும்போது வீட்டார் யாரும் வார்டுக்குள் இருக்கக் கூடாது என்பது எங்கள் ஆஸ்பத்திரிச் சட்டம். எல்லாரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிடுவோம். அவள் ஒருமுறை ஜன்னல் வழியாக எட்டிப்பார்த்திருக்கிறாள். அவர் கண்ணை மூடிப் படுத்திருக்க, நான் குழாயும் கையுமாக நிற்பது மட்டும் தெரிந்திருக்கிறது. "மாட்டுக்கு மூங்கில் கொழாயில மருந்து ஊத்துவோம். அதுக்குன்னு மாடு தீனி தின்னுச்சுன்னு சொல்லுவமா?" என்று கேட்டாள். பெங்களூரில் எப்படிச் சமாளித்தாள் என்றால், அங்கே அவளை உள்ளேயே விடவில்லையாம். வாசலில் ஓர் ஆள் 'உன் புருஷன் நல்லா இட்லி சாப்பிடறாரு' என்று தினமும் சொல்லியிருக்கிறான். நம்பி இவளும் சாப்பிட்டிருக்கிறாள். அந்தப் பொய்யனைக் கூட்டிக்கொண்டுவந்து எங்கள் ஆஸ்பத்திரியில் வேலைக்கு வைக்கலாமா என்று அந்த வாரம் முழுக்க எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். எங்களுக்கு அப்போது சிரிப்பு வரவில்லை. மாதப்பனைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். குழாய் இன்னும் பல மாதம் அவர் வயிற்றில் இருக்கும். அந்த மலையூரில் யார் கஞ்சி ஊற்றுவது? இவள்தான். ஊற்றுவது சாப்பாடே இல்லை என்று சாதிக்கிறவள் அதை எப்படி ஒழுங்காகச் செய்வாள்? இவள் பட்டினியில் விழுந்தால் அவரும் போய்விடுவார். ஒரே வீட்டிலிருந்து இரண்டு பாடை கிளம்பும் என்று மேட்ரன் சொன்னார். அவர் மிகைப்படுத்திப் பேசுகிறவர் இல்லை.

முதலில் டாக்டர் வந்தார். சிலேட்டில் இரைப்பையை வரைந்தார், குடலை வரைந்தார், வாய் வழியே போனாலும் குழாய் வழியே போனாலும் எல்லாம் இந்தப் பைக்குத்தான் போகிறது என்று அம்புக்குறி போட்டு விளக்கினார். கெம்பம்மா கையைக் கட்டிக்கொண்டு பயபக்தியோடு கேட்டாள். முடிந்ததும், "படம் ரொம்ப நல்லாருக்குது சாமி," என்றாள். டாக்டர் சிலேட்டைத் துடைத்துக்கொண்டே போய்விட்டார்.

அடுத்தது என் மூளை. அடுத்த கட்டிலில் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் ஆன ஒரு கண்டக்டர் இருந்தார். ராயக்கோட்டை பஸ்ஸில் வேலை, வீட்டுப் பேச்சு தெலுங்கு, வாய் ஓயாது. அவர் சாப்பிட்ட இலையை எடுத்துக்கொண்டு போய், "பாரு கெம்பம்மா, உன் வூட்டுக்காரரு இன்னிக்கு வாயாலேயே கொஞ்சம் சாப்ட்டாரு," என்று நீட்டினேன். அவள் இலையைக் கையில் வாங்கவே இல்லை. சும்மா ஒரு பார்வை பார்த்தாள்.

"கருவேப்பிலய மென்னு ஓரமா துப்பி வெச்சிருக்குது. எங்க வூட்டுக்காரரு கருவேப்பில, கடுகு எதையும் துப்பமாட்டாரு, முழுங்கிருவாரு. இது அந்தக் கண்டக்டரு துன்ன எல."

போலீஸ் வேலைக்குப் போக வேண்டியவள் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியாக மேட்ரன் இறங்கினார். "இங்க பாரு, நீ சாப்பிடலைன்னா உனக்கும் வயித்துல ஓட்டையைப் போட்டு குழாயை வெச்சிருவேன்," என்று மிரட்டினார். எங்கள் ஆஸ்பத்திரியில் அந்தக் குரலுக்கு நாய்கூட வாலைச் சுருட்டிக்கொள்ளும். கெம்பம்மா கொஞ்சம் யோசித்தாள். "வெச்சிருங்கம்மா. அப்ப ரெண்டு பேருக்கும் ஒண்ணாவே ஊத்திருங்க," என்றாள். மேட்ரன் மிரட்டித் தோற்றதை நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

இதற்குள் கண்டக்டர் சும்மா இருப்பாரா? கெம்பம்மா பட்டினி கிடந்து கிணற்றடியில் விழுந்தாள் என்ற விஷயத்தை மாதப்பனிடம் பக்குவமாகச் சொல்லிவிட்டார். பக்குவமாக என்றால் வார்டு முழுக்கக் கேட்கும்படி. அன்று மதியம் நான் கஞ்சியோடு போனபோது மாதப்பன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கண் இரண்டும் கொள்ளிக்கட்டை. இடது கையால் ரப்பர் குழாயை மடக்கி இறுக்கிப் பிடித்திருந்தார். புனலைக் கிட்டே கொண்டுபோனால் வலது கையால் தட்டிவிட்டார். வெளியே அடுப்படிப் பக்கம் விரலை நீட்டினார், வாயை நோக்கிக் கையைக் கொண்டுபோய்க் காட்டினார், பிறகு தன் வயிற்றைக் காட்டித் தலையை ஆட்டினார். 'அவள் சாப்பிடாமல் என் வயிற்றில் ஒரு சொட்டு இறங்காது' என்கிறார். இதைப் புரிந்துகொள்ள எனக்கு டாக்டரின் சிலேட்டு தேவைப்படவில்லை.

ஆக, அவர் சாப்பிடாமல் இவள் சாப்பிட மாட்டாள், இவள் சாப்பிடாமல் அவர் சாப்பிட மாட்டார். டாக்டர் கிருஷ்ணகிரிக்குப் போயிருந்தார். மேட்ரன் பிரசவ அறையில். வார்டில் நான் ஒருத்தி. அவர் உடம்பு இருந்த இருப்புக்கு ஒரு வேளைக் கஞ்சி தவறுவதே ஆபத்து, காயம் பிரிந்துவிடும் என்று டாக்டர் ஏற்கெனவே எச்சரித்திருந்தார். பலவந்தமாக ஊற்றலாமா? குழாயைப் பிடுங்கிக்கொண்டால் என்ன செய்வது? ரொம்பப் பயந்தேன். இப்படி ஒரு நாள் உங்களுக்கும் வரும். அப்போது படித்த பாடமெல்லாம் மொத்தமாக ஓடிப்போய்விடும்.

நான் செய்தது ஒன்றுதான். சட்டத்தை மீறிக் கெம்பம்மாவை வார்டுக்குள் கூப்பிட்டேன். "நீயே பேசிக்க," என்று சொல்லி ஒதுங்கி நின்றேன். அவளைக் கண்டதும் மாதப்பன் கட்டிலின் மேல் கையை விரித்து ஒரு தட்டுத் தட்டினார். இலை போடு என்று அர்த்தம். அவள் ஓடிப்போய்த் தைத்த இலையைக் கொண்டுவந்து, வெள்ளை விரிப்பின் மேலேயே போட்டு, களி உருண்டையை வைத்து, குழம்பை ஊற்றினாள். பாதி விரிப்பில் ஓடியது. மேட்ரன் நினைப்பு வந்து எனக்கு வியர்த்தது.

அவர் களியைக் கிள்ளினார். உருட்டினார். குழம்பில் தோய்த்தார். கை மேலே போனது. எனக்கு உயிர் போய்விட்டது. அந்த வாயில் அது பட்டால் பெங்களூர்க்காரர்களின் தையல் என்ன ஆவது? தாவிப் பிடிக்கக் காலை எடுத்தேன். ஆனால் கை அவர் வாய்க்குப் போகவில்லை. நேராகக் கெம்பம்மாவின் வாய்க்கு முன்னால் போய் நின்றது.

ஆண்கள் வார்டு. கட்டிலெல்லாம் ஆட்கள். நாலு பேர் முன்னால் புருஷனுக்குப் பக்கத்தில்கூட உட்காராத பெண்பிள்ளை அவள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "அய்யோ, ஏங்க இது, எல்லாரும் பாக்கறாங்கோ," என்று குனிந்து சுருண்டுபோனாள். உருண்டை அந்தரத்தில் நின்றது. குழம்பு முழங்கை வழியே வழிந்தது.

கண்டக்டர்தான் வழிசெய்தார். "ஏம்ப்பா, எல்லாரும் அந்தாண்ட திரும்புங்க! இங்க என்ன டூரிங் சினிமாவா காட்றாங்க? திரும்பு, திரும்பு! கால் ஒடிஞ்சவனும் திரும்பு!" பஸ்ஸில் கூட்டத்தை உள்ளே தள்ளிய குரல். வார்டு முழுக்க முனகிக்கொண்டே, தையல் வலிக்க வலிக்க மறுபக்கம் புரண்டது. தானும் திரும்பிப் படுத்துக்கொண்டு, சாப்பிடு என்று பாதித் தெலுங்கில், "தினம்மா, தினு! எவுனும் பாக்கல!" என்று சுவரைப் பார்த்துக் கத்தினார்.

அவள் முந்தானையை விலக்கினாள். வாயைத் திறப்பாள் என்று பார்த்தால், "மொதல்ல நீங்க," என்றாள். அவர் முடியாது என்று தலையை ஆட்டினார். "எப்பவும் நீங்கதான மொதல்ல?" அவர் உருண்டையை இன்னும் கிட்டே நீட்டினார். விடிந்தது என்று நினைத்துக்கொண்டு, கஞ்சிச் செம்பை அவளுடைய ஒரு கையிலும் புனலை இன்னொரு கையிலும் திணித்தேன். "ரெண்டும் வேணாம். நீ அவருக்கு ஊத்து. அவரு உனக்கு ஊட்டட்டும். ஒண்ணா!" என்றேன். என் குரல் மேட்ரன் குரல் மாதிரியே வந்தது. எனக்கே ஆச்சரியம்.

நான் புனலைக் குழாயில் சொருகிவிட, அவள் அதை உயர்த்திப் பிடித்துக் கஞ்சியை ஊற்றினாள். புனல் நிறைந்தது. வாயைத் திறந்தாள். அவர் உருண்டையை வைத்தார். அவள் விழுங்கினாள். புனலில் இருந்த கஞ்சி மெல்லக் கீழே இறங்க ஆரம்பித்தது.

"நர்சம்மா! எறங்குது! யாரும் தள்ளல, தானா எறங்குது!"

"உங்க வூட்டுக்காரரு இழுக்கறாரு. வேற யாரு இழுப்பாங்க?" என்றேன்.

நான் நின்ற இடத்திலிருந்து எனக்கு இன்னொன்றும் தெரிந்தது. மாதப்பனின் இடது கை இன்னும் குழாய் மேலேயே இருந்தது. அவள் விழுங்குகிறவரைக்கும் இரண்டு விரலால் குழாயை நசுக்கிப் பிடித்துக்கொண்டு, அவள் தொண்டை ஏறி இறங்கியதும் விரலைத் தளர்த்தினார். அடுத்த உருண்டைக்கும் அப்படியே. முதலில் சாப்பிட்டது அவள்தான், ஒவ்வொரு வாயும். அவள் கண் புனல் மேலேயே இருந்தது. மாதப்பன் என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தாயோ தொலைந்தாய் என்றது அந்தப் பார்வை. நான் ஜன்னலுக்கு வெளியே புளியமரத்தைப் பார்த்தேன்.

செம்பு காலியானதும் கட்டுக்குள்ளிருந்து நீளமாக ஓர் ஏப்பம் வந்தது. அந்தச் சத்தத்துக்குக் கெம்பம்மா முகம் மலர்ந்ததைப் போல் நான் ஒரு குழந்தை பிறந்த வீட்டில்கூடப் பார்த்ததில்லை. "ஏப்பம் விட்டாரு! சாப்ட்டாரு!" என்று கத்தினாள். வார்டு முழுக்கச் சுவரைப் பார்த்தபடியே கை தட்டியது.

அந்த நேரம் பார்த்து மேட்ரன் உள்ளே வந்தார். நோயாளிகள் எல்லாரும் முதுகைக் காட்டிப் படுத்திருக்கிறார்கள். விரிப்பில் அவரைக்காய்க் குழம்பு ஓடுகிறது. ஆபரேஷன் கேஸின் கையில் களி. நோயாளியின் பெண்டாட்டி கையில் ஆஸ்பத்திரிப் புனல்.

"ஏட்டி, என்ன நடக்கு இங்க? வார்டுன்னு நெனச்சியா, கல்யாணப் பந்தின்னு நெனச்சியா?"

அவர் செம்பைக் குனிந்து பார்த்தார். இலையைப் பார்த்தார். கெம்பம்மாவின் வாயோரத்தில் ஒட்டியிருந்த களியைப் பார்த்தார். பிறகு, "விரிப்ப மாத்து. அவளுக்கு இன்னும் ரெண்டு கரண்டி கொழம்பு ஊத்து, இலை காஞ்சு கெடக்குல்லா," என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து ஊற்றும் நேரத்தில் வீட்டாரை வெளியே தள்ளும் சட்டம் எங்கள் ஆஸ்பத்திரியில் இல்லை. அதை எடுத்துவிட்டதாக யாரும் அறிவிக்கவும் இல்லை.

அப்புறம் கெம்பம்மா எங்களைவிட நன்றாக ஊற்றினாள் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். முதலில் ரொம்பச் சூடாக ஊற்றப் பார்த்தாள், ஒருமுறை வடிகட்டாமல் ஊற்றிக் குழாயை அடைத்தாள், மேட்ரன் வாயில் நன்றாக விழுந்தாள். ஆனால் கற்றுக்கொண்டாள். வயிற்றைச் சுற்றிப் புண்ணாகாமல் துடைக்க, கஞ்சிக்குப் பின்னால் வெந்நீர் ஊற்றிக் கழுவ, எல்லாம். ஊருக்குக் கிளம்பும்போது புனலை முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள், ஏதோ சாமி விக்கிரகம் போல.

பல மாதம் கழித்து, வாய் ஆறி, குழாயை எடுத்தாயிற்று. மாதப்பன் பேச்சு கொழகொழவென்றுதான் வந்தது. ஆனால் வந்தது, நிறைய வந்தது. களியும் கரைத்துச் சாப்பிட்டார். அடுத்த தடவை காட்ட வந்தபோது கெம்பம்மா என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போய் அழாத குறையாகச் சொன்னாள்.

"மானம் போவுது நர்சம்மா. கொழாய எடுத்தும் இந்த ஆளு திருந்தல. நான் மொதல்ல ஒரு வாய் சாப்ட்டாத்தான் அவரு எலையில கை வெக்கறாரு. எங்க நாத்தனா வூட்டு விருந்துல அத்தினி ஆம்பளைங்களும் குந்திகினு கீறாங்கோ. இவரு கைய கட்டிகினு, 'எங்க அவ, துன்னாளா?'ங்கறாரு. சமையக்கட்டுலேர்ந்து நான் ஓடியாந்து எல்லார் முன்னாலயும் ஒரு வாய் போட்டுக்க வேண்டியதாப்போச்சு. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்கோ."

நான் போய் மாதப்பனிடம் கேட்டேன். அவர் நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக உருட்டி வெளியே விட்டார். "என்னுது கன்னத்துல வந்துச்சி, நர்சம்மா. வெளிய தெரிஞ்சிச்சி. அவ வயிறு காஞ்சிகினு இருந்தது எனக்குத் தெரியல. வூட்டுக்குள்ளயே இருந்தா. தெரியல. இனிமே பாத்துட்டுத்தான் துன்னுவேன்." நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கெம்பம்மாவிடம் போய், "சொல்லிட்டேன், கேக்கமாட்டேங்கறாரு," என்று கையை விரித்துவிட்டேன்.

அன்றிலிருந்து நான் வேலை பார்த்த இடத்திலெல்லாம், நோயாளியின் நாடியைப் பிடிக்கும் முன்னால் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து, சாப்பிட்டீங்களா என்று கேட்பேன். சாப்பிட்டேன் என்பார்கள். என்ன சாப்பிட்டீங்க என்று கேட்பேன். அங்கேதான் முழிப்பார்கள். இது எந்தப் புத்தகத்திலும் இருக்காது. உங்கள் பரீட்சையிலும் வராது.

மாதப்பனுக்கு நோய் திரும்பிவிட்டது. அந்தக் காலத்தில் அநேகமாகத் திரும்பிவிடும். இந்த முறை பெங்களூரில் கையை விரித்துவிட்டார்கள். ஊரிலேயே, அவள் பக்கத்தில் இருக்க, போய்ச் சேர்ந்தார். செய்தி வந்த அன்று மேட்ரன் மதியச் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டார். நான் மருந்தறைக்குள் போய் நன்றாக அழுதேன்.

காரியமெல்லாம் முடிந்து ஒரு நாள் கெம்பம்மா வந்தாள். ஒரு துணிப்பை நிறைய அவரைக்காய். வெளுத்த சேலை, வெறும் நெற்றி. வழக்கப்படி, "சாப்ட்டியா கெம்பம்மா?" என்றுதான் கேட்டேன்.

"சாப்ட்டுட்டுதான் வந்தேன். களியும் கீரக் கொழம்பும்," என்று கேட்காமலே விவரத்தையும் சொன்னாள். பிறகு கீழே உட்கார்ந்துகொண்டு, "காரியத்தன்னிக்கு ஊரே என்னத் திட்டிருச்சு, நர்சம்மா," என்றாள்.

"ஏன்?"

"படையல் போட்டு, மொதல்ல காக்காவுக்கு வெக்கணும், அப்பறந்தான் வூட்டுல இருக்கறவங்க சாப்படணும். அதான மொற? நான் காக்காவுக்கு வெக்கறதுக்கு முன்னாடி ஒரு உருண்டய எடுத்து வாயில போட்டுகினேன். நாத்தனா கையத் தட்டறா, பங்காளிங்க கத்தறாங்கோ, 'படையல எச்ச பண்ணிட்டாளே, காக்கா எடுக்காதே'ன்றாங்கோ. நான் துன்னாம அந்த ஆளு எப்பிடி எடுப்பாரு? இவங்களுக்கு இன்னா தெரியும்?"

"காக்கா எடுத்துச்சா?"

கெம்பம்மா என்னைப் பார்த்தாள். அன்று கிணற்றடியில் விழுந்த பிறகு பார்த்தாளே, அறிவு கெட்டவளைப் பார்ப்பதுபோல, அதே பார்வை.

"நான் முழுங்கற வரைக்கும் கூர மேலயே குந்திகினு என்னையே பாத்துகினு இருந்துச்சு, நர்சம்மா. முழுங்கனப்பறந்தான் எறங்குச்சு."